கைமாற்றும் நாணய மாற்றும்
புனிதப் பயணிகள் அறிய வேண்டிய மஸ்அலாக்கள்

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படும் சகோதரர்களுக்காக மஹல்லாக்களில் விளக்க வகுப்புகள் நடக்கின்றன. இஹ்ராமின் சட்டங்கள், தவாஃபின் நிபந்தனைகள், அரஃபாவில் தங்கும் நேரம், கல்லெறியும் முறை ஆகியவற்றைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியவைதாம். ஆனால், இடுப்பு வாரில் கட்டிக்கொண்டு போகும் பணத்தைப் பற்றி ஒரு மஸ்அலாவும் எவரும் கேட்கக் காணோம். "எங்கே மாற்றினால் நாலு காசு கூடக் கிடைக்கும், ஹள்ரத்?" என்று மட்டும் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லக் கடைக்காரர் போதும், ஆலிம் தேவையில்லை.

நாம் சொல்ல வருவது வேறு. ரூபாயைக் கொடுத்து ரியாலை வாங்குவது, சட்டையை மாற்றுவது போன்ற ஒரு வெறும் மாற்றம் அல்ல. அது ஒரு வியாபாரம். ஃபிக்ஹு நூல்களில் அதற்கு 'ஸர்ஃபு' என்று பெயர். அத்தொழில் செய்பவர் ஸர்ராஃப். நம் பாட்டன்மார் 'சராப்பு' என்று சொல்லி வந்தது இந்தச் சொல்லைத்தான். துணியைக் கடனுக்கு வாங்கலாம். ஆட்டைக் கடனுக்கு வாங்கலாம். பணத்துக்குப் பணம் விற்கும்போது மட்டும் கடன் நுழையக் கூடாது. நுழைந்தால் அது வட்டியின் வகைகளில் ஒன்றாகிவிடுகிறது. வங்கி வட்டிக்கு அஞ்சி ஒதுங்கும் மனிதர், ஹரம் ஷரீஃபின் நிழலில் உட்கார்ந்துகொண்டு அறியாமலேயே அதில் கால் வைத்துவிடக் கூடும். அறியாமலா என்று வியக்க வேண்டாம். நாமே ஒருமுறை தவறான பதிலைச் சொல்லி, பிறகு திருத்திக்கொண்டோம்.

அது 2013-ம் ஆண்டு. ஓதி முடித்து ஸனது பெற்று, கடற்கரை ஊர் ஒன்றில் இமாமாகச் சேர்ந்திருந்த புதிது. ரஜபு மாதத்தில் அவ்வூரிலிருந்து சிலர் உம்ராவுக்குச் சென்றார்கள். அவர்களில் இருவர் ஒருவருக்கொருவர் சம்பந்தி. மக்காவில் ஒருவருக்குக் கைப்பணம் தீர்ந்துபோயிற்று. மற்றவரிடம், "சம்பந்தி, 2,000 ரியால் கைமாற்றாகக் கொடுங்கள். ஊருக்குப் போனதும் ரியாலுக்கு 15 ரூபாய் வீதம் 30,000 ரூபாயாகத் தந்துவிடுகிறேன்" என்று கேட்டு வாங்கினார். அன்றைய நிலவரமும் ஏறத்தாழ அதுதான். கொடுத்தவரும் சந்தோஷமாகக் கொடுத்தார்.

ஊர் திரும்பிய பின் ரமளான் வந்தது, பெருநாளும் கழிந்தது. அதற்குள் ரூபாயின் மதிப்பு சரிந்துகொண்டே போனது. ஆகஸ்ட் இறுதியில் ஒரு டாலருக்கு 68 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. சவூதி ரியால், டாலருக்கு 3.75 என்று 1986 முதல் நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால், ரியாலும் கூடவே ஏறி 18 ரூபாயைத் தாண்டிற்று. அந்த வேளையில் 30,000 ரூபாயைக் கொண்டுபோய் நீட்டினார் கடன் வாங்கியவர். மற்றவர் வாங்க மறுத்தார். "நான் கொடுத்தது ரியால். நீர் தருவதைக் கொண்டு இன்று 2,000 ரியால் வாங்க முடியுமா?" என்றார். "பேசிய பேச்சு என்ன?" என்றார் இவர். பேச்சு வளர்ந்து, மகள் கட்டிக்கொடுத்த வீட்டுக்கும் பரவி, பள்ளிக்கு வந்து சேர்ந்தது.

நாம் கிதாபைத் திறக்கவில்லை. "வாக்குக் கொடுத்தால் நிறைவேற்ற வேண்டும், 30,000 என்று பேசியது பேசியதுதான்" என்று சொல்லிவிட்டோம். பெரியவருக்கு அது ஒப்பவில்லை. "உங்கள் உஸ்தாதிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்" என்றார். கேட்டோம். உஸ்தாத் அவர்கள் நம்மிடம் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவர் செய்தது கடனா, வியாபாரமா? நமக்கு உடனே வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரிய, முதலில் ஸர்ஃபுடைய பாடத்தைப் பார்த்துவிட்டு வருவோம்.

தங்கத்துக்குத் தங்கம், வெள்ளிக்கு வெள்ளி, கோதுமைக்குக் கோதுமை, வாற்கோதுமைக்கு வாற்கோதுமை, பேரீச்சம் பழத்துக்குப் பேரீச்சம் பழம், உப்புக்கு உப்பு ஆகியவற்றை மாற்றினால் அளவு சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்றும், இனம் வேறுபட்டால் அளவில் விருப்பம்போல் கூட்டிக் குறைத்து விற்கலாம், ஆனால் கைக்குக் கை என்ற நிபந்தனை அப்போதும் உண்டு என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஒரே இனமானால் சமம், ரொக்கம் என்ற இரண்டும் வேண்டும். இனம் மாறினால் ரொக்கம் ஒன்றே போதும். ஸர்ஃபுடைய பாடம் முழுவதும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

இதை ஸஹாபாக்கள் எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றினார்கள் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. மாலிக் இப்னு அவ்ஸ் என்பார் 100 தீனார் தங்கக் காசுகளைத் திர்ஹமாக மாற்ற வேண்டி ஆள் தேடினார். தல்ஹா இப்னு உபைதில்லாஹ் (ரலி) அவர்கள் அழைத்தார்கள். சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர், பெரும் செல்வர். இருவரும் விலை பேசி முடித்தார்கள். தல்ஹா (ரலி) அவர்கள் தங்கத்தை வாங்கிக் கையில் புரட்டிப் பார்த்துக்கொண்டே, தம் கணக்காளர் ஃகாபா என்னும் இடத்திலிருந்து வரட்டும், வந்ததும் வெள்ளியைத் தருகிறேன் என்றார்கள். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் விடவில்லை. வெள்ளியைக் கையில் பெறாதவரை அவரை விட்டுப் பிரியக் கூடாது என்று மாலிக்கிடம் ஆணையிட்டுச் சொல்லி, நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையையும் எடுத்துரைத்தார்கள். புகாரீ ஷரீஃபில் இந்த நிகழ்ச்சி இடம் பெற்றுள்ளது.

இங்கே சற்று நிதானித்துப் பாருங்கள். கொடுக்க வேண்டியவர் தல்ஹா (ரலி). நாணயத்தில் அவரைச் சந்தேகிக்க எவரும் இல்லை. தாமதமோ, ஃகாபாவிலிருந்து ஓர் ஆள் மதீனா வந்து சேரும் நேரம். கூடுதலாக ஒரு திர்ஹம் கேட்டவரும் இல்லை. அப்படியிருந்தும் கூடாது என்றார்கள். 'நமக்குள் நம்பிக்கை இருக்கிறதே, இதில் என்ன வட்டி?' என்று இன்று சொல்லும் சாக்குக்கு அன்றே இடமில்லாமல் போயிற்று.

சரி, அது தங்கமும் வெள்ளியும். நம் கையில் இருப்பது காகிதமாயிற்றே? இந்தக் கேள்வி புதிதல்ல. புனிதப் பயணத்தோடு நெருங்கிய தொடர்பும் இதற்கு உண்டு. சவூதி அரேபியாவில் ஒரு காலத்தில் வெள்ளி ரியால்தான் புழக்கத்தில் இருந்தது. ஹாஜிகள் அந்தக் கனத்தைச் சுமந்து திரிந்தார்கள். அந்நாட்டின் நாணய நிறுவனம் 1952-ல் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு, 1953-ல், அது ஹாஜிகளுக்கென்று காகிதத்தில் ரசீதுகளை வெளியிட்டது. பெயரே 'ஹாஜிகளின் ரசீது' என்பதுதான். இத்தனை வெள்ளி ரியால் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது, இதைக் கொண்டு வருபவருக்கு அது உரியது என்ற பொருள்பட, பல மொழிகளில் அதில் அச்சடித்திருந்தார்கள். ஹாஜிகளுக்காக வந்த ரசீதை உள்ளூர் மக்களும் வாங்கிக் கொடுக்கப் பழகிவிட்டார்கள். 1961-ல் அரசு முறையான காகித நோட்டை வெளியிட்டது. 1960-களின் நடுவிலேயே ரசீதுகள் விலகிக்கொண்டன.

நம் நாட்டிலும் இதற்கு ஒத்த ஒன்று நடந்தது. இந்திய ரூபாய் அப்போது வளைகுடா நாடுகளில் தாராளமாகச் செலாவணி ஆனது. அதைப் பயன்படுத்தித் தங்கக் கடத்தல் மிகுந்ததால், 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனி நோட்டுகளையும், ஹாஜிகளுக்கென்று 'ஹஜ்' என்ற சொல் பொறித்த 10 ரூபாய், 100 ரூபாய் நோட்டுகளையும் வேறு நிறத்தில் வெளியிட்டது. பம்பாய் வரை ரயிலில் சென்று கப்பலேறிய நம் பெரியவர்களில் சிலர் அவற்றைக் கையில் வைத்திருந்தவர்கள். இப்போது அவை பழம்பொருள் சேகரிப்போரிடம் மட்டுமே காணக் கிடைக்கின்றன.

நாம் கதைக்காக இதைச் சொல்லவில்லை. காகிதம் ரசீதாக இருந்த வரை, உலமாக்கள் அதைக் கடன் பத்திரம் என்றார்கள்; பின்னால் இருக்கும் வெள்ளிதான் பணம். வெள்ளி விலகி, காகிதமே பணமாகிவிட்ட பின் அந்தச் சட்டம் எப்படி நிற்கும்? சிலர் அதைச் செப்புக்காசுகளுடன் சேர்த்தார்கள். செப்புக்காசு செலாவணியில் இருந்தாலும் தங்கம் வெள்ளியின் வட்டிச் சட்டம் அதற்கு இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பழைய நூல்களில் உள்ள பிரபலமான கருத்து. அதையே நோட்டுக்கும் பொருத்திப் பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் அப்படியே விட்டால் விளைவு என்ன? இன்று உலகில் தங்கக் காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார் இல்லை. வட்டியின் சட்டம் ஏட்டில் இருக்கும். அது பொருந்த ஒரு பொருளும் கையில் இருக்காது. ஜகாத்தும் அப்படியே போய்விடும். ஆகவே ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம் 1982-ல் மக்காவிலும், இஸ்லாமிய நாடுகளின் ஃபிக்ஹு அகாதமி 1986-ல் அம்மானிலும் கூடி, நோட்டு தானே ஒரு நாணயம், வட்டியிலும் ஜகாத்திலும் தங்கம் வெள்ளியின் சட்டமே அதற்கும் உண்டு என்று முடிவு செய்தன. ஒவ்வொரு நாட்டின் பணமும் ஓர் இனம். எனவே ரூபாய்க்கு ரியாலை எந்த விலைக்கும் மாற்றலாம். கைக்குக் கையாக இருக்க வேண்டும்.

முஃப்தி முஹம்மது தகீ உஸ்மானி போன்ற ஹனஃபீ அறிஞர்கள் இதில் சற்றுத் தளர்வு காட்டி, சந்தை நிலவரப்படி விலை பேசி ஒரு தரப்பாவது அந்த இடத்திலேயே கையில் பெற்றுவிட்டால் போதும் என்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் இரு தரப்பும் கையில் பெறுவதே எல்லோருடைய கருத்திலும் சரியானது. கவுன்ட்டரில் இன்னும் இரண்டு நிமிடம் நிற்பதால் கிடைக்கும் பேணுதலை ஏன் விட வேண்டும்?

இனி பயணத்துக்கு வருவோம். ஹஜ் கமிட்டி மூலம் செல்வோருக்கு முன்பெல்லாம் புறப்படும் இடத்திலேயே 2,100 ரியால் கையில் கொடுத்து வந்தார்கள். 2023-ல் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டு, பணத்தை ஹாஜிகளே மாற்றிக்கொள்ளும் நிலை வந்தது. ஆகவே ஸர்ஃபுடைய மஸ்அலா இப்போது ஒவ்வொருவர் தலையிலும் நேரடியாக விழுகிறது. பொதுவாக வெளிநாடு செல்பவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் ரொக்கமாக எடுத்துச் செல்லலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. ஹஜ், உம்ரா பயணிகளுக்கு அதில் விலக்கு உண்டு. இந்திய ரூபாயாக நாட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்ல 25,000 ரூபாய் வரை அனுமதி. மாற்றுவதை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மீதி ரியாலைத் திருப்பி மாற்றும்போதும் அது உதவும்.

கடையில் நிகழக் கூடியது ஒன்று. நீங்கள் ஒரு லட்சம் ரூபாயை நீட்டுகிறீர்கள். கடைக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, "இப்போது பாதிக்குத்தான் ரியால் இருக்கிறது, மீதியை அஸருக்குப் பின் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். இதுதான் தல்ஹா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. இங்கே செய்ய வேண்டியது எளிது. அவரிடம் உள்ள ரியாலுக்கு உரிய ரூபாயை மட்டும் கொடுங்கள்; மீதி ரூபாயை உங்கள் கையில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அஸருக்குப் பின் போனால் அது புதிய வியாபாரம், அப்போதைய விலை. 'எனக்காக எடுத்து வையுங்கள்' என்று சொல்லி வருவது வாக்குறுதிதான், வியாபாரம் அல்ல, அதில் தவறில்லை. ரூபாயை அங்கேயே விட்டு வருவதுதான் தவறு.

மற்றொன்று சில்லறை. 500 ரியால் நோட்டை எடுத்துக்கொண்டு சின்னக் கடைகளில் அலைந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். அவசரத்தில் ஒருவர், 490 ரியாலுக்குச் சில்லறை தருகிறேன், 10 ரியால் எனக்கு என்பார். நம்மவர்களும் தொலைகிறது என்று கொடுத்துவிடுவார்கள். இது ரியாலுக்கு ரியால், ஒரே இனம். ஒரு ஹலலா கூடினாலும் குறைந்தாலும் வட்டியாகும். ரூபாய்க்கு ரியால் மாற்றும்போது கடைக்காரர் லாபம் வைத்து விற்பது ஹலால். ரியாலுக்கு ரியால் மாற்றும்போது 10 ரியால் எடுப்பது ஹராம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுவதுதான் மக்களைக் குழப்புகிறது. அதே 500 ரியாலைக் கொடுத்து 30 ரியாலுக்குப் பேரீச்சம் பழம் வாங்கி, மீதியில் கொஞ்சத்தை மறுநாள் வாங்கிக்கொள்வது வேறு. அங்கே நடந்தது பழ வியாபாரம். மீதிப் பணம் கடைக்காரரிடம் அமானத்தாக நிற்கிறது. அதில் தடையில்லை.

மதீனாவிலோ மக்காவிலோ மகளுக்கு ஒரு வளையல் வாங்குவோரும் கவனிக்க வேண்டும். தங்கத்தையும் பணத்தையும் மாற்றுவதும் இதே வகைதான். முன்பணம் கொடுத்து நகையை எடுத்துப் போய், பாக்கியைப் பிறகு கொடுப்பது கூடாது. முழுப் பணமும் சேரும் வரை வாங்காமல் இருங்கள்.

இப்போது பலர் வங்கி அட்டையைக் கொண்டே செலவு செய்கிறார்கள். கணக்கில் உள்ள நம் சொந்தப் பணத்திலிருந்து கழிக்கும் அட்டையானால், கணக்கில் ஏறுவதும் கழிவதும் கையில் பெற்றதற்குச் சமம் என்று ஃபிக்ஹு அகாதமி 1990-ல் ஜித்தாவில் முடிவு செய்துள்ளது. வங்கிகளுக்குள் கணக்கு ஏற வழக்கமாக ஆகும் தாமதமும் பொறுத்துக்கொள்ளப்படும். புறப்படும் முன்பே ரியாலை ஏற்றித் தரும் அட்டைக்கும் இதே சட்டம். கடை இயந்திரம் ரூபாயிலா ரியாலிலா என்று கேட்டால், ரியால் என்று தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் விலை பெரும்பாலும் நமக்கு நட்டமாகவே இருக்கும். இது மஸ்அலா அல்ல; அனுபவம். கடனட்டையின் விஷயம் வேறு. தவணை தவறினால் வட்டி என்ற நிபந்தனையோடு வரும் அட்டை கூடாது என்று 2000-ல் ரியாத்தில் அதே அகாதமி தீர்மானித்தது. அதைக் கொண்டு இயந்திரத்தில் ரொக்கம் எடுத்தால் பெரும்பாலான வங்கிகள் எடுத்த நாளிலிருந்தே வட்டி எழுதுகின்றன. ஹஜ்ஜுக்கு வந்த இடத்தில் அந்தப் பணத்தைக் கையில் வாங்குவானேன்?

உண்டியல் வழியாகப் பணம் அனுப்பி அங்கே வாங்கிக்கொள்வோரும் உண்டு. அதை ஹவாலா என்றும் சொல்கிறார்கள். ஃபிக்ஹு நூலில் ஹவாலா என்பது ஒருவர் மேலுள்ள கடனை மற்றொருவர் மேல் மாற்றிவிடும் முறையான ஓர் ஒப்பந்தம். பாவம், பெயரைக் கெடுத்துவிட்டார்கள். சட்டம் தடுத்துள்ள வழியில் போய்ப் பணத்தையும் பயணத்தையும் ஆபத்தில் போடுவது ஹாஜிக்கு அழகல்ல.

இனி அந்தச் சம்பந்திகளின் வழக்குக்கு வருவோம். அது கடனா, வியாபாரமா? கைமாற்று என்று கேட்டார், அப்படியானால் கடன். கடனில் எதை வாங்கினாரோ அதைத் திருப்பித் தர வேண்டும். ரியால் வாங்கினார்; ரியால் தர வேண்டும். வேறு நாணயத்தில், இன்ன விலைக்குத் தருவேன் என்று வாங்கும்போதே கட்டிய நிபந்தனை செல்லாது. இல்லை, அது வியாபாரம், ரியாலை 30,000 ரூபாய்க்கு விற்றார் என்று கொண்டால், ரியால் மக்காவில் கைமாறியது, ரூபாய் மூன்று மாதம் கழித்து வருகிறது. நம் நூல்களின்படி அந்த ஸர்ஃபு கூடாது. வாங்கியதைத் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் பார்த்தாலும் அவர் தலையில் நிற்பது 2,000 ரியால். ஹனஃபீ அறிஞர்கள் சிலர் காட்டிய தளர்வும் வியாபாரம் என்று பேசி முடித்ததற்குத்தான். இவர் வாய் திறந்து கேட்டதோ கைமாற்று.

ஊரில் ரியாலுக்கு எங்கே போவது? அதற்கும் ஹதீஸில் வழி இருக்கிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் பகீஃ பக்கம் ஒட்டக வியாபாரம் செய்து வந்தார்கள். தீனாருக்கு விற்றுவிட்டு அதற்குப் பதில் திர்ஹமாகவும், திர்ஹமுக்கு விற்றுவிட்டுத் தீனாராகவும் வாங்குவார்கள். இது சரியா என்று அறிய, தம் சகோதரி அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் இல்லத்தில் இருந்த நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று கேட்டார்கள். அன்றைய விலைப்படி வாங்கினால் தவறில்லை, ஆனால் பாக்கி எதையும் வைத்துவிட்டுப் பிரியக் கூடாது என்று விடை கிடைத்தது. 'அன்றைய விலை' என்பதே இங்கே முக்கியம். கடன் வாங்கிய அன்றைய விலை அல்ல. அடைக்கும் அன்றைய விலை. ஃபிக்ஹு அகாதமியும் 1993-ல் புருணையில் கூடி இதையே தீர்மானித்தது. அடைக்கும் நாளில் இருவரும் இசைந்து வேறு நாணயத்தில் அடைக்கலாம். கடன் கொடுக்கும் நாளிலேயே அப்படி ஒப்பந்தம் செய்யக் கூடாது.

உஸ்தாத் சொன்னதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி, இருவரையும் பள்ளியில் உட்கார வைத்து, முன்பு நாம் சொன்னது பிழை என்று அவர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டோம். வயதில் பெரியவர்கள், நமக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ரூபாய் ஏறியிருந்தால் கடன் கொடுத்தவர் 30,000-க்குக் குறைவாகத்தான் வாங்கியிருக்க வேண்டும், அப்போது அவர் குறைசொல்ல முடியாது என்பதையும் சொன்னோம். அதைக் கேட்ட பிறகே கடன் வாங்கியவர் முகம் சற்றுத் தெளிந்தது. இருவரும் 36,000 ரூபாய்க்கு இசைந்தார்கள். அங்கேயே எண்ணிக் கொடுத்தார். மனம் நோகாமல் கொடுத்தார் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அடுத்த பெருநாளுக்கு இரு வீட்டாரும் போக்குவரத்தாக இருந்ததைக் கண்ணால் கண்டோம்.

ஆகவே வழியில் ஒருவருக்கொருவர் உதவும்போது வாய் திறந்து சொல்லிக்கொள்ளுங்கள். கைமாற்றானால், "2,000 ரியால் வாங்கினேன், 2,000 ரியால் தருவேன்" என்று எழுதி, இரண்டு பேரைச் சாட்சி வையுங்கள். ரூபாயின் பேச்சே அதில் வேண்டாம். நாணய மாற்றானால், அந்த இடத்திலேயே ரூபாயைக் கொடுத்து ரியாலை வாங்குங்கள். கையில் ரூபாய் இல்லாவிட்டால், ஊரிலுள்ள மகனைத் தொலைபேசியில் அழைத்து, அவர் கணக்கில் அப்போதே ரூபாயை ஏற்றச் சொல்லி, ஏறியது உறுதியானதும் ரியாலை வாங்கலாம். ஒரே அமர்வில் இரண்டும் முடிந்துவிடும்.

அமானத்துப் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் கையில், ஹரமில் தர்மம் செய்ய 1,000 ரூபாய், குர்பானிக்கு இவ்வளவு என்று ஆளாளுக்குக் கொடுத்து விடுகிறார்கள். அவற்றைத் தனி உறையில், பெயர் எழுதி வையுங்கள். மாற்றும்போது என்ன விலைக்கு மாற்றினீர்களோ அதே விலையில் அவர்கள் கணக்கிலும் எழுதுங்கள். ரூபாயில் வாங்கி, மனக்கணக்காக ஒரு விலை போட்டு, வித்தியாசத்தை வழிச்செலவில் சேர்த்துக்கொள்வது அமானத்தில் கை வைப்பதாகும். குர்பானிப் பணத்தைத் தெருவில் சந்திப்பவர் கையில் கொடுக்காதீர்கள். 1983-ல் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் பொறுப்பில் தொடங்கிய அதாஹீ திட்டத்தின் சீட்டை முறையாக வாங்குங்கள்.

இஹ்ராமில் இருப்பவர் இடுப்பில் பணவார் கட்டலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். 'ஹிம்யான்' என்னும் அந்த வாரை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அனுமதித்ததாக அறிவிப்பு உண்டு. பெரும்பாலான இமாம்களின் முடிவும் அதுவே. தையல் இருக்கிறதே என்று கழற்றி அறையில் போட்டுவிட்டு, தவாஃபில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஹரமின் தரையில் ஒரு நோட்டு கிடக்கக் கண்டால்? மற்ற ஊர்களில் கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவித்த பின் உரியவர் வராவிட்டால் எடுத்துக்கொள்ளச் சட்டம் உண்டு. மக்காவில் ஷாஃபிஈ மத்ஹபின்படி அது ஒருக்காலும் நமக்குச் சொந்தமாகாது. உரியவரைத் தேடி அறிவிப்பவருக்கன்றி மக்காவில் கண்டெடுத்த பொருள் ஆகாது என்று ஹிஜ்ரி 8-ல், மக்கா வெற்றியின்போது, நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துவிட்டார்கள். தொலைந்த பொருள்களுக்கான அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் எடுக்காமல் கடந்து செல்லுங்கள். 'பரகத்துக்காக' என்று பணப்பையில் வைத்துக்கொண்டு வந்த ஒருவரை நாம் அறிவோம்.

ஊர் திரும்பியதும் மிஞ்சிய ரியால்களைப் பேரக் குழந்தைகளுக்கு விளையாட்டுக்குக் கொடுப்பதற்கு முன், உறைகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவற்றில் பிறருடைய ரியால் ஒன்றோ இரண்டோ இருந்தால், உரியவரைத் தேடிப்போய்க் கொடுத்துவிடுங்கள். உங்கள் சொந்த ரியால் எஞ்சியிருந்தால், ஜகாத்துக் கணக்கு முடிக்கும் நாளில் அன்றைய விலைப்படி ரூபாயோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.